பன்னிரண்டாவது நாற்காலி

காத்தாயி காலை நீட்டவில்லை.

ஃபாதர் அவள் முன்னால் மண்டியிட்டுக் காத்திருந்தார். தரையில் பித்தளைத் தாம்பாளம், கையில் தண்ணீர் ஜக், தோளில் வெள்ளைத் துண்டு. அவளோ இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துச் சேலையால் மூடிக்கொண்டாள்.

மொத்தக் கோயிலும் அவளையே பார்த்தது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவது வழக்கம். கோத்தகிரி பக்கத்து அந்தத் தேயிலை எஸ்டேட் கோயிலில் அந்தப் பன்னிரண்டு பேர் யார் யார் என்பது எழுதாத சட்டம். ஃபேக்டரி ஆபீசர், ஹெட் கிளார்க், ஸ்டோர் கீப்பர், மிச்சத்துக்கு அவர்களுடைய சம்பந்திகள். எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் வேறு பூசிக்கொண்டு வருவார்கள். கழுவிய காலைத்தான் ஃபாதர் வருஷா வருஷம் கழுவிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் அதை மாற்றியவர் பங்குப் பேரவைச் செயலாளர் பிராங்ளின். இயேசு இந்த மலைக்கு வந்திருந்தால் கொழுந்து பறிக்கிறவர்களின் காலைத்தான் கழுவியிருப்பார் என்று பிடிவாதமாக நின்றார். பேரவையில் ஏழு பேர் எதிர்த்தார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் நம் மதமே இல்லையே என்றார் ஸ்டோர் கீப்பர். அதனால்தான் கழுவ வேண்டும் என்றார் பிராங்ளின். நல்ல மனிதர். அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு அவர் மூன்று தடவை இறங்கிப் போனார். மதம் மாற்ற இல்லை, மரியாதை செய்யத்தான் என்று வீடு வீடாகச் சொல்லி, பன்னிரண்டு பெண்களைச் சம்மதிக்க வைத்தார். காத்தாயியின் அப்பா அம்மா சிலோனிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது கோயிலுக்கு நேர் கீழே இருக்கும் லைனில்தான். நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் கோயிலுக்குள் வருவது இதுதான் முதல் தடவை.

பதினொரு பேர் தலையைக் குனிந்தபடி காலை நீட்டிவிட்டார்கள். வெடித்த குதிகால்கள், அட்டை கடித்த தழும்புகள். ஃபாதர் கழுவினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். பின் வரிசையில் சிலர் அழுதார்கள்.

பன்னிரண்டாவது நாற்காலியில் வந்து எல்லாம் நின்றுவிட்டது.

பாடகர் குழு பாட்டை இரண்டாம் தடவை முதலிலிருந்து ஆரம்பித்தது. முணுமுணுப்பு கிளம்பியது. "இடம் குடுத்தா இப்படித்தானுங்க" என்றது ஒரு குரல். ஸ்டோர் கீப்பர் திரும்பி பிராங்ளினைப் பார்த்தார்.

பிராங்ளினுக்கு வியர்த்தது. இன்றைக்கு இது கெட்டுப்போனால் அடுத்த வருஷம் மறுபடி பவுடர் கால்கள்தான். லைன்காரர்களும் இனி இந்தப் படி ஏறமாட்டார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறாள்? வெட்கமா? காலில் புண்ணா? பூசாரி யாராவது பயமுறுத்திவிட்டாரா? நேற்று சாயங்காலம் கூடச் சரி என்றாளே.

மெல்லப் போய் அவள் பக்கத்தில் குனிந்தார்.

"ஏனுங்கம்மா, உடம்புக்கு முடியலீங்களா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். அதற்கும் இல்லை. மற்ற பதினொரு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர் வரிசையில் ஃபேக்டரி ஆபீசர் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் வேறு எங்கே பார்ப்பார்கள்?

பூசைக்கு எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை தாம்பாளத்து அழுக்குத் தண்ணீரை எடுத்துப்போய் வாசல் ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார். காத்தாயியின் கண் அவர் பின்னாலேயே போய்விட்டு, திரும்பி ஃபாதர் கையிலிருந்த ஜக்கில் வந்து நின்றது. பிராங்ளின் அதைக் கவனித்தார். ஒன்றும் விளங்கவில்லை.

ஃபாதர் மண்டியிட்டபடியே நிமிர்ந்தார். "நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமாம்மா? பயப்படாமச் சொல்லும்மா."

காத்தாயி ஜக்கைக் கைகாட்டினாள்.

"காலுக்கு வேணாம் சாமி. அந்தத் தண்ணிய ஒரு கொடத்துல ஊத்திக் குடுங்க. வீட்டுல மருமக புள்ள பெத்து ஒம்பது நாளாச்சு. பச்சப் புள்ளயக் குளிப்பாட்டத் தண்ணி இல்ல."

ஃபாதருக்குப் புரியவில்லை. லைனுக்குத்தான் பைப் வருகிறதே என்றார்.

"மூணு நாளா வரல சாமி. வெயில் காலம், ஊத்துல தண்ணி கம்மி. கோயில் தொட்டி நெறையணும்னு எங்க பைப்ப அடச்சிட்டாங்க."

"யாரும்மா அடைச்சது?"

காத்தாயி பிராங்ளினை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அவருக்கு இருந்த அதே குழப்பம்தான் அவளுக்கும் இருந்தது.

"இந்த அய்யாதாங்க. எதுக்குன்னு கேட்டேன். ஒங்க காலக் கழுவத்தான்னு சொன்னாரு."