ஒன்ஸ்மோர்

வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என்றாலும் நாடக மேடையில் கனகசபைக்குப் பூரணிதான் மனைவி. கடைசிக் காட்சியில் அவன் கன்னத்தைத் தொட்டு அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். எந்த நாளும் நடுங்காத விரல் இன்று நடுங்கியது. குரலும் 'மன்னித்து' என்பதோடு உடைந்தது. மனம் இறங்கிவிட்டாள் என்று அவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"அண்ணே, மதினிக்குக் கை உதறுதே, கரண்ட் கிரண்ட் அடிக்கிறீகளா?" என்றார் முன்வரிசைக்காரர். கொட்டகையே சிரித்தது. "ஒன்ஸ்மோர்" என்று விசில் பறந்தது. சபை கேட்டால் மறுக்கக்கூடாது என்பது கம்பெனி வழக்கம்.

பூரணி இரண்டடி பின்னால் போய் மறுபடி வந்தாள். அதே விரல் நடுங்கியது. குரல் அதே சொல்லில் உடைந்தது.

"இன்னொருக்கா, மதினி."

அவள் பின்னால் போனாள். கனகசபை கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.