கேட்டில் நின்ற வேன்

ஆரணியிலிருந்து சமணப் பாட்டுக்குழுவை விழாவுக்கு ஏற்றிவந்த வேன், மூடிய ரயில்வே கேட்டில் நிற்கிறது. எல்லோரும் சாப்பிட்டாயிற்று. கமலாவதி மடியில் மட்டும் இட்லி டப்பா திறக்காமல் இருக்கிறது. பொழுது சாய்ந்தால், சமண விரதப்படி, அவள் எதையும் வாயில் வைக்கமாட்டாள். வயிறு நிறைந்தாலோ அவளுக்குக் குரல் எழும்பாது. "ரெண்டு வாய் போட்டுக்கோங்கக்கா, ராத்திரி பூரா பட்டினி கெடப்பீங்க" என்கிறாள் அனுஷா. "பேஜார் பண்ணாதம்மா. மூணு மாசமா இந்த ஒரு பாட்டத்தானே பாடிகினு கெடக்கறேன்." கூட்ஸ் வண்டி ஆடி அசைந்து ஊர்கிறது, பெட்டிகளின் இடுக்கில் சிவந்த வெயில் அவள் முகத்தில் விட்டு விட்டு விழுகிறது. கடைசிப் பெட்டி போனபோது சூரியனைக் காணோம். கமலாவதியின் செல்போன் அடிக்கிறது, விழாக்காரர்கள். "உங்க நேரத்த அடுத்த குழுவுக்குக் குடுத்துட்டோங்க. நீங்க நிதானமா வாங்க, பிரசாதம் இருக்குது." கேட் உயர்கிறது. "எடுக்கட்டுங்களா?" என்கிறார் டிரைவர். பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. "கொஞ்சம் நில்லுங்க" என்கிறாள் கமலாவதி, இனிப் பாடவும் சாப்பிடவும் வழியில்லாமல், திறக்காத டப்பாவின் மேல் கையை வைத்தபடி.