நகத்தளவு இடைவெளி

நிஜத் தண்டவாளம் போட்டே ஓய்வுபெற்றவர் சேவியர். ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்தப் புது வீட்டுக்கு வந்ததிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. இங்கே எந்த ரயில் சத்தமும் கேட்பதில்லை. மகள் அனுப்பிய பொம்மை ரயிலுக்காகச் சாப்பாட்டு மேசையில் தண்டவாளம் போட்டார். ஒவ்வொரு இணைப்பிலும் நகம் நுழையுமளவு இடைவெளி விட்டார். தண்டவாளத்தில் கரண்ட் பாயாமல் ரயில் அப்படியே நின்றது.

“ஏங்க, எதுக்கு இந்தச் சந்து?” என்றாள் மனைவி ரோஸ்லின்.

“வெயில்ல கம்பி நீளும்ல.”

“ஃபேனுக்குக் கீழயா?”

முனகிக்கொண்டே எல்லாவற்றையும் நெருக்கி வைத்தார். ரயில் ஓடியது, சந்துகளில் சக்கரம் தட்டும் சத்தமே இல்லாமல். அவர் முகம் வாடிவிட்டது. ரோஸ்லின் மேசையில் விரல்களால் தட்டத் தொடங்கினாள். தடக் தடக், தடக் தடக். கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலேயே வாய் பிளந்து தூங்கிப்போனார். அவள் ரயிலை நிறுத்திவிட்டாள். விரல்களை நிறுத்தத்தான் மனம் வரவில்லை.