பிந்தி வந்த முளை

விவசாயப் போதனாசிரியர் அமிர்தநாதன் ஏழாவது பாத்தியில் மண் கிளறும் இரும்பு முள்ளை இறக்கியபோது காளியாயிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அது அவளுடைய பாத்தி.

வாலிப விவசாயிகள் கழகத்தின் முதல் அறுவடை அன்று. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பாத்தி. லிந்துலைக்கு மேலே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் ஓடைக்கும் நடுவில், தேயிலை சரியாக வராத ஒரு சரிவைத் தோட்டத் துரை பெரிய மனசு பண்ணிக் கொடுத்திருந்தார். கொடுத்த கையோடு ஒரு நிபந்தனையும் போட்டார். ஒரு பாத்தியில் விளைச்சல் இல்லையென்றாலும் மொத்த நிலத்தையும் திருப்பி எடுத்துக்கொள்வார்.

ஆறு பாத்தியில் உருளைக்கிழங்கு கிடைத்துவிட்டது. ஏழாவதில் இல்லையென்றால் பன்னிரண்டு பேரின் மண்ணும் அவளால் போகும். பதினெட்டு வயதில் அப்படியொரு கெட்ட பெயரை வாங்கிக்கொண்டு அதே லயத்தில் எப்படிக் குடியிருப்பது?

பயத்துக்குக் காரணம் இருந்தது. விதைக்கிழங்கை அவள் தின்றுவிட்டிருந்தாள்.

அவள் மட்டும் தின்றாள் என்று சொன்னால் பாவம். வீடே தின்றது.

ஆடி மழையில் கொழுந்து குறைந்துபோய், வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலைக்குப் பேர் போட்டார்கள். மூன்று நாள் கூலியில் ஏழு நாள் அடுப்பு எரியாது. அந்த நேரம் பார்த்துத்தான் கவர்மெண்டு ஆளுக்கு இருபது விதைக்கிழங்கு அனுப்பிவைத்தது. கப்பலில் வந்த கிழங்கு, கண்ணைப்போலப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அமிர்தநாதன் சொல்லிவிட்டுப் போனார். கழகத் தலைவன் பொன்னையா ஒரு படி மேலே போனான். விதையில் கை வைப்பது யாராக இருந்தாலும் கழகத்தை விட்டே நீக்கிவிடுவதாகக் கூட்டம் போட்டு அறிவித்தான்.

காளியாயி இரண்டு நாள் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சாயந்தரம் தம்பிகள் இரண்டு பேரும் வெறும் தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தார்கள். அவள் கத்தியை எடுத்துவிட்டாள்.

ஆனாலும் விவசாயி புத்தி விடவில்லை. தோலைக் கனமாகச் சீவினாள். முளை விடும் ஒவ்வொரு கண்ணிலும் அரை விரல் கனத்துக்குச் சதை ஒட்டியிருக்கும்படி வெட்டி, வெட்டிய பக்கம் சாம்பல் தடவி, முறத்தில் பரப்பினாள்.

மிச்சத்தை உப்புப் போட்டு அவித்தாள்.

கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைச் செருகியும் வாசம் நிற்கவில்லை. தண்ணீர் பிடிக்க வெளியே வந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. லயம் முழுக்க அவித்த கிழங்கு மணந்தது. ஒரு சட்டிக் கிழங்குக்கு இவ்வளவு வாசமா என்று நடுங்கிப்போனாள்.

மறுநாள் மழையோடு மழையாக, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தோலை நட்டாள். மற்றவர்களும் அவரவர் பாத்தியில் குனிந்துதான் இருந்தார்கள். நல்லவேளையாக யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று வாரத்தில் வரவேண்டிய முளை வரவில்லை. நாலாவது வாரமும் வரவில்லை. அவள் வேண்டாத சாமி இல்லை. அடுத்தவர் பாத்திப் பக்கம் கண்ணைத் திருப்பவே மாட்டாள். தான் பார்த்தால் அவர்களும் தன்னுடையதைப் பார்ப்பார்களே என்ற பயம்.

ஐந்தாவது வாரம் நூல் மாதிரி ஒன்று தலை நீட்டியது. அப்புறம் வரிசையாக வந்தது.

முளை வந்தால் போதுமா? கீழே கிழங்கு இருக்க வேண்டுமே.

அமிர்தநாதன் முள்ளை நெம்பினார். மண் பிளந்து புரண்டது. அவர் செடியைப் பிடித்துத் தூக்கி உதறினார்.

கோழிமுட்டை அளவில் ஐந்து கிழங்கு விழுந்தது.

அடுத்த செடியில் நாலு. அதற்கடுத்ததில் ஆறு.

காளியாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி துரையே வந்து நின்றாலும் கவலையில்லை. நிலம் தப்பித்தது, தம்பிகளும் அன்றைக்குச் சாப்பிட்டார்கள், இரண்டும் நடந்துவிட்டது என்று நினைத்ததும் அழுகை முட்டியது. அழுதால் ஏன் என்று கேட்பார்கள். மூக்கை உறிஞ்சி அடக்கிக்கொண்டாள்.

முளை எப்போது வந்தது என்று அமிர்தநாதன் கேட்டார். முன்னே ஆறு பேரிடம் என்ன கேட்டார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது பயத்தில் அவள் காதில் ஏறியிருக்கவில்லை. பொய் சொல்ல நாக்குப் புரளவில்லை. ஐந்து வாரம் ஆனது என்று உள்ளதைச் சொன்னாள்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று அவள் வாயைத் திறக்கப்போனாள்.

“ஒனக்கும் அஞ்சு வாரமா? இதுவரைக்கும் தோண்டுன ஆறு பேரும் அதையேதான் சொல்றாங்க. இந்த மலைக் குளிருக்கு மொளை பிந்தித்தான் வரும் போல.”

காளியாயி திரும்பிப் பார்த்தாள்.

மற்றப் பதினொரு பேருக்கும் திடீரென்று கைவேலை வந்துவிட்டது. நாகலெட்சுமி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். வீரய்யா மண்வெட்டியில் ஒட்டாத மண்ணைச் சுரண்டினான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமியது தலைவன் பொன்னையாதான். முதல் பாத்தி அவனுடையது.

“ஆமாங்கய்யா. ஆடியில ரொம்பக் குளிருங்க.”

அமிர்தநாதன் அதை அப்படியே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு எட்டாவது பாத்திக்கு நகர்ந்தார்.

காளியாயி சிரிப்பை மறைக்கக் குனிந்து கிழங்கு பொறுக்கத் தொடங்கினாள். லயம் முழுக்க அடித்த அந்த வாசம் இப்போது ஞாபகம் வந்தது.

அன்றைக்கு வெந்தது மொத்தம் பன்னிரண்டு சட்டி.