நாலாவது ஆஸ்பத்திரி

"ஷாரோன், உங்கம்மா கைல சொல்லு. லிப்ட் இல்லாத ஆஸ்பத்திரிக்கு என் மருமவ வரமாட்டா."

"ஷாரோன், உன் மாமியார்கிட்ட சொல்லு. வார்டு கீழ்தளத்துலதான் இருக்கு. யாரும் மாடி ஏறி புள்ள பெக்கச் சொல்லல."

ஆட்டோவின் பின் சீட்டில் இடப்பக்கம் அம்மா மெர்சி, வலப்பக்கம் மாமியார் கிளியம்மாள். நடுவில் ஆறு மாத வயிற்றோடு ஷாரோன். கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரம்தான். ஆனாலும் சம்பந்திகள் இருவரும் பேசிக்கொண்டது அவள் வழியாகத்தான்.

இரண்டு வருடமாக இப்படித்தான். ஷாரோனும் செந்தமிழனும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்துக் காதலித்தவர்கள். பதிவுத் திருமணம் முடிந்து வெளியே வந்ததும், "உன் புள்ளதான் என் பொண்ண கெடுத்தான்" என்றாள் மெர்சி. "உன் பொண்ணுதான் என் புள்ளைய மயக்கிட்டா" என்றாள் கிளியம்மாள். அன்றோடு பேச்சு நின்றது.

போன வாரம்தான் ஷாரோன் இரண்டு வீட்டுக்கும் போன் செய்தாள். "ஸ்கேன்ல ரெட்டைன்னு வந்திருக்கு. நல்ல டாக்டரா பாக்கணுமாம். அவருக்கு லீவு கெடைக்கல."

மெர்சி சேரப்பணஞ்சேரியிலிருந்து உடனே வந்தாள். அவள் வருவது தெரிந்ததும் கிளியம்மாள் பென்னலூரிலிருந்து அவளுக்கும் முன்பாகவே வந்து நின்றாள்.

காலையில் முதலில் பார்த்தது கண்ணாடிக் கட்டடம். கிளியம்மாளுக்குப் பிடித்துப்போனது. "எனக்கு இந்த ஏசி ஒத்துக்காது அத்தை" என்றாள் ஷாரோன்.

அடுத்தது மெர்சிக்குத் தெரிந்த நர்ஸ் இருக்கும் இடம். "டாக்டரம்மா மொகத்தப் பாத்தாலே பயமா இருக்கும்மா" என்றாள் ஷாரோன்.

"இவ இன்னா, பொடவையா எடுக்குறா?" என்று கிளியம்மாள் முணுமுணுத்தாள். மெர்சிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மூன்றாவது, சுங்குவார்சத்திரத்தில். கவுண்டரில் இருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ட்வின்ஸா? ஆபரேஷன்தான். இன்னைக்கே தேதி போட்டுடலாம். பேர் சொல்லுங்க."

"இன்னாப்பா, வயித்தத் தொட்டுப் பாக்காமலே ஆபரேஷனா?" என்றாள் கிளியம்மாள்.

"ரெட்டைன்னா எல்லாருக்கும் அப்படித்தாம்மா. சும்மா சத்தம் போடாதீங்க."

மெர்சி சட்டென்று முன்னால் வந்தாள். "அவங்க கேட்டதுல என்ன தப்பு? டாக்டர் சொல்ல வேண்டியத நீ எப்படிச் சொல்ற? நீங்க கேளுங்க சம்பந்தியம்மா!"

கிளியம்மாள் மெர்சியின் பக்கத்தில் வந்து நின்றாள். அப்புறம் இருவரும் சேர்ந்து கேட்ட கேள்வியில், அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

வெளியே டீக்கடையில் கிளியம்மாள்தான் மெதுவாக ஆரம்பித்தாள். "உங்களுக்கு சக்கர போடச் சொல்லவா?"

"வேணாம், சுகர் இருக்கு."

"எனக்கும் கீது. எத்தினி வருசமா?"

அதன் பிறகு அவர்களுக்கு ஷாரோன் தேவைப்படவில்லை. மாத்திரை, முட்டிவலி, இரண்டு குழந்தைக்கும் எத்தனை துணி தைக்க வேண்டும் என்று பேச்சு வளர்ந்தது. மறுபடி ஆட்டோவில் ஏறியபோது ஷாரோனுக்கு ஓரத்து இடம்தான் கிடைத்தது.

"ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு லேடி டாக்டர் இருக்காங்களாம். கூட வேலை செய்யற கோவிந்தம்மாக்கா சொன்னாங்க. அதையும் பாத்துடலாமா?" என்றாள்.

"போலாம், போலாம்" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன.

டாக்டர் ஜயஸ்ரீயின் அறையில் மெர்சி முதல் கேள்வி கேட்டாள். "ராத்திரியில வலி வந்தா நீங்க வருவீங்களா, இல்ல போன்லயே சொல்லிடுவீங்களா?"

"மாடியிலதான் என் வீடு. நான்தான் வருவேன்."

"புள்ளைங்க எட கொறச்சலா பொறந்தா?" என்றாள் கிளியம்மாள்.

"மாசம் முடியறதுக்கு ரொம்ப முன்னாடியே வலி வந்தா நான் இங்க வெச்சுக்க மாட்டேன். பச்சக் குழந்தைக்கு ஐசியு இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட வந்து சேத்துடுவேன்."

"ஆபரேஷனா, சுகப்பிரசவமா?"

"ரெண்டும் எப்படித் திரும்பி இருக்குன்னு எட்டாம் மாசத்துக்கு மேல பாத்துதான் சொல்ல முடியும். இப்பவே சொன்னா அது பொய்."

கிளியம்மாள் திரும்பினாள். "இன்னா சொல்றீங்க சம்பந்தி?"

"எனக்குத் திருப்தி. உங்களுக்கு?"

"இதையே முடிச்சிடலாம். வாங்க, வார்டும் பாத்ரூமும் எப்படி கீதுன்னு ஒரு பார்வை பாத்துட்டு வந்துடலாம்."

இருவரும் சேர்ந்து வெளியே போனார்கள்.

கதவு சாத்தியதும் டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஷாரோன் பெயர் எழுதிய தடித்த ஃபைலை வெளியே எடுத்தார். "மூணாம் மாசத்துலேருந்து என்கிட்டதான் காமிக்கிற. இன்னைக்குப் புதுசா வர்ற மாதிரி பாக்கச் சொன்னியே, ஏம்மா இந்த நாடகம்?"

"ரெட்டைக் குழந்தைக்கு டாக்டர் முன்னாடியே கெடைச்சுட்டாங்க," என்றாள் ஷாரோன். "சண்டை போடாம ஆளுக்கு ஒண்ணாத் தூக்க ரெண்டு பாட்டி வேணும்ல டாக்டர், அதுக்குத்தான் மூணு ஆஸ்பத்திரி ஏறி எறங்கினேன்."