பிழைத்துக்கொண்ட அரசன்

பசியில்தான் கண் விழித்தான்.

கறி வேண்டும். சுடச்சுட ரொட்டி வேண்டும். மூன்று நாள் சாகக் கிடந்தவனுக்கு இப்படியா பசிக்கும்?

பிழைத்துவிட்டான்.

எழுந்து உட்கார்ந்தான். தோளில் முடி புரளவில்லை.

கை மேலே போனது.

மொட்டை.

உடம்பில் முரட்டுத் துணி. துறவிகள் போடுகிற அங்கி.

கட்டிலருகே அவன் மனைவி லியுவிந்தா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நேத்து மூச்சே இல்லீங்க. பாவத்தோட போயிடுவீங்களோன்னு பயந்து நான்தான் பிஷப்ப வரச் சொன்னேன்."

அன்று ஸ்பெயினை ஆண்ட விசிகோத்துகளின் வழக்கம் அது. சாகப்போகிறவனுக்குத் தலையை மழித்து, துறவியாக்கி அனுப்புவார்கள். பாவமெல்லாம் கழிந்துவிடும்.

சில சமயம் சாகப்போகிறவன் சாகமாட்டான்.

அதற்கும் சட்டம் இருந்தது. மழித்தது மழித்ததுதான். துறவி அரசாள முடியாது. முடி திரும்ப வளர்ந்தாலும் முடியாது.

"வித்திலா!"

வாசல் காவலன் ஓடிவந்தான். பழக்கத்தில் முழங்கால் மடிந்தது. பாதியில் நின்றது. மண்டியிடவும் இல்லை, நிமிரவும் இல்லை. அப்படியே பின்வாங்கிப் போனான்.

இதை எதிரி செய்திருந்தால் அரசன் வாளை எடுத்திருப்பான்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

ஜன்னலுக்கு வெளியே டொலேடோ நகரம் வாழ்க வாழ்க என்று கத்தியது. வேறு பெயரைச் சொல்லி.

"யாரு?"

"உங்க அக்கா பையன்."

"அவனா! குதிரையில ஏத்திவிட்டா வாந்தி எடுப்பானே!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. இருபது வருடமாக இருவரும் சேர்ந்து கேலி பேசிச் சிரித்த அதே ஆள்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

முதிய துறவி ஒருவர் தலையை நீட்டினார். அரசே என்று சொல்லவில்லை.

"சகோதரரே, மடத்துக்கு வண்டி நிக்குது. காய்ச்சல் விட்டிருந்தா கிளம்பிடலாம். அம்மா இங்கேயே விடை வாங்கிக்கட்டும். அங்க பொம்பளைங்க வரக்கூடாது."

லியுவிந்தாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. மூன்று நாளில் இதை மட்டும் அவள் யோசித்திருக்கவில்லை.

அவன் மெல்லப் படுத்தான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"காய்ச்சல் விட்டுருச்சாம்மா?" என்றார் துறவி.

அவள் குனிந்து அவன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள்.

சில்லென்றிருந்தது.

கையை எடுக்கவில்லை.

"கொதிக்குது" என்றாள்.