அங்கிக்கு ஓர் இலை

"அம்மா, பசை."

சில்கே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இல்வியின் அம்மாதான் பிரிந்து போய் ஹாம்பர்கில் இருக்கிறாளே, இங்கே எப்படி வருவாள்? குழந்தை கூப்பிட்டது தன்னைத்தான் என்று உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

தோர்ஸ்டனைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருஷம். அவன் மகள் இல்விக்குத் தலைவாரி, மூக்கு துடைத்து, ஜுரத்தில் கண்விழித்து எல்லாம் ஆயிற்று. ஆனாலும் வீட்டிலும் தெருவிலும் வெறும் 'சில்கே'தான். உனக்கென்று ஒன்று பிறக்காதம்மா என்று டாக்டர் கைவிரித்த பிறகு, அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமில்லை.

மழலையர் பள்ளியில் அன்று லாந்தர் செய்கிற நாள். பிள்ளைகள் விளக்கேந்திப் போகும் மார்ட்டின் திருநாள் ஊர்வலத்துக்காகப் பெரியவர்களும் பிள்ளைகளும் குட்டி நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, உதிர்ந்த மேப்பிள் இலைகளைக் காகித லாந்தரில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் மார்ட்டின் புனிதரின் படம். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் அங்கியில் பாதியை வெட்டிக் கொடுத்த மனுஷர். இல்லாதவங்களுக்கு எதையாவது கொடுத்துட்டு வாங்க, அவர் அங்கியில் ஒரு சிவப்பு இலை ஒட்டலாம் என்று பிர்கிட் டீச்சர் சொல்லியிருந்தாள். மற்ற பிள்ளைகள் ஒட்டியாயிற்று. இல்வி மட்டும் பாக்கி. அதற்காகக் காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுச்சா காத்ரின்?" என்றாள் சில்கே.

எதிரே தன் பிள்ளையோடு இலை ஒட்டிக்கொண்டிருந்த காத்ரின் சும்மா விடுகிற ஆளா? "இன்னுமா பேரு சொல்லிக் கூப்பிடுறா, என்ன வளர்ப்போ போ" என்று போன வாரம் குத்தியவள்தான். இப்போது பசை டப்பாவை அவளே நகர்த்தி வைத்தாள்.

"கேட்டுச்சுடி. இப்பவாவது வந்துச்சே. கண்ணைத் துடை, இலையெல்லாம் நனையுது பாரு."

சில்கே சிரித்துக்கொண்டே துடைத்தாள். தோர்ஸ்டனிடம் சொன்னால் நம்பவே மாட்டான். பட்ட பாடெல்லாம் வீண்போகவில்லை என்று மனசு துள்ளியது.

"இந்தா கண்ணு, பசை. வேற என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம். நான் சொன்னது நல்லாக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சுடா என் தங்கம்."

இல்வி நாற்காலியிலிருந்து குதித்து டீச்சரிடம் ஓடினாள்.

"டீச்சர், எனக்கும் இலை குடுங்க. நானும் குடுத்துட்டேன்."

"அப்படியா? யாருக்கு, என்ன குடுத்தே?"

குழந்தை சில்கே பக்கம் கையை நீட்டினாள்.

"சில்கேவுக்குத்தான் பிள்ளையே இல்லையே, பாவம். அதான் ஒரே ஒரு 'அம்மா' குடுத்தேன்."